விருப்பம்: எதுவுமில்லை

பாலிக் புலாவிலிருந்து வந்த புகார்:
டுரியான் கடையில் கணக்கெழுதும் டேப்லெட்
பவர் பேங்க்கில் மாட்டியிருந்தும்
இரவு பதினொன்றுக்குள் செத்துப்போகிறது.
பவர் பேங்க் மட்டும் நாலு விளக்கும் எரிய
வயிறு நிறைந்து கிடக்கிறது.
கடைக்காரர் சூன் கியட் கடைசியில் ஒரு வரி:
“உங்கள் டேப்லெட் ரொம்ப நல்லவன்.
எனக்கு நல்லவன் வேண்டாம்.”

ஹஸ்லிண்டா சிரித்தாள்.
நான் சிரிக்கவில்லை.
அந்த நிரலின் அடியில் இருப்பது என் பெயர்.

பாயான் லெப்பாஸ், விடிகாலை இரண்டு நாற்பது.
மேசையில் அதே டேப்லெட், அதே பவர் பேங்க்,
அவர் சேர்த்தனுப்பிய கேபிள்.
அதில் இன்னும் பழ வாசனை.

செருகினேன். திருப்பிச் செருகினேன்.
கைக்கு வித்தியாசமில்லை.
விகடகவி மாதிரி, எந்தப் பக்கமும் ஒன்றுதான் என்றுதானே விற்கிறோம்.
உள்ளே அப்படியில்லை.
இரண்டு முனைகளில் எதில் உயிர் தட்டியது என்று பார்த்து
கெர்னல் ஒரு கோப்பில் குறித்துவைக்கிறது:
நேர்.
திருப்பினால், தலைகீழ்.
யாரும் கேட்பதில்லை. அதற்குத் தெரியும்.

போர்ட்டுக்கென்று ஓர் அடைவு.
அதற்குள் சின்னச் சின்னக் கோப்புகள்,
ஒரு சொல், இரண்டு சொல்லுக்கு மேல் பேசாதவை.
கேபிள் ஏறியதும் பக்கத்தில் இன்னோர் அடைவு முளைக்கும்:
துணை.
பிடுங்கினால் அது இருந்த தடம்கூட இல்லை.

மின்சாரக் கோப்பைத் திறந்தேன்.
சோர்ஸ், சிங்க், இரண்டு சொல்லும் இருந்தன.
சதுர அடைப்பு சோர்ஸைச் சுற்றி நின்றது.
கொடுப்பவன்.
பதினொரு சதவீதம் கையில் வைத்துக்கொண்டு
கொடுப்பவன்.

சிங்க் என்று எழுதி அனுப்பினேன், ரூட்டாக,
இந்தப் பலகையில் எனக்கு மேல் ஆளில்லை என்ற தோரணையில்.
உள்ளீடு வெளியீட்டுப் பிழை.
மறுபடியும்.
பிழை.
பதிவேட்டில் காரணம்: துணைக்கு மாறத் தெரியாது.
மலிவுச் சாமான், பேரம் பேசும் மொழியே படித்ததில்லை.
கொள்வினை கொடுப்பினை பேச
இரண்டு வீட்டாருக்கும் வாய் வேண்டும்.

“அப்போ யார் முடிவு பண்ணினது?”
ஹஸ்லிண்டாவுக்கு என்னிடம் பதிலில்லை.
இரண்டுமே இரண்டு வேடமும் கட்டுபவை.
நொடிக்குப் பத்துப் பதினைந்து தடவை
தருகிறேன் தா தருகிறேன் தா என்று
மாறி மாறி நீட்டிய கைகள்
எந்தக் கணத்தில் தொட்டனவோ
அதன்படி ஆகிவிட்டது.

பக்கத்துக் கோப்பு: விருப்பம்.
திறந்தால், எதுவுமில்லை.
அப்படி விட்டது நான்தான்.
போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை,
பாலத்தில் நெரிசல் ஏறுமுன் பட்டர்வொர்த் போய்ச் சேரும் அவசரம்.
எதற்கு ஒரு பக்கம் சாய்வது என்று
பெருந்தன்மையாகக்கூடத் தோன்றியது அப்போது.

கேபிளைப் பிடுங்கினேன். துணை மறைந்தது.
எதிரே யாருமற்ற போர்ட்டில் எழுதினேன்:
விருப்பம், சிங்க்.
மறுப்பதற்கு ஆளில்லை.
செருகினேன்.
அடைப்பு இடம் மாறியிருந்தது.
பன்னிரண்டு சதவீதம்.

இருபது தடவை பிடுங்கிச் செருகினோம்,
பத்து நேர், பத்து தலைகீழ்.
பத்தொன்பது தடவை வாங்கிக்கொண்டது.
பதினேழாவதில் மட்டும், ஏனோ, கொடுத்தது.

“சிங்க்கென்றே பூட்டிவிடு, தொல்லை விட்டது” என்றாள்.
பூட்டலாம். அதற்கும் ஒரு கோப்பு உண்டு.
புகாரின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன்:
ஈரச் சாக்குகள், மஞ்சள் பல்ப்,
டேப்லெட்டிலிருந்து ஒரு வயர் இறங்கித்
தராசுக்குப் போகிறது.
பகலெல்லாம் அந்தத் தராசுக்கு மின்சாரம்
இதே துளையிலிருந்துதான்.

அறிக்கையில் பதினேழாவதையும் எழுதினேன்.
சூன் கியட்டுக்குத் தனியாக:
ஐயா, கொஞ்சம் நல்லவனாகவே
விட்டுவைக்க வேண்டியிருக்கிறது.